ஓடிய பெண்களோடு நிறுத்தினேன்

ஈஸ்டர் ஞாயிறு, இரவு

விடியற்காலையில் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. சுவிசேஷம் வாசிக்கும் முறை எனக்கு. ஆண்டவரின் காலியான கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து ஓடினார்கள், யாரிடமும் சொல்லவில்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மிகப் பழைய பிரதிகளில் அந்தச் சுவிசேஷம் அங்கேயே முடிகிறது, மீதியைப் பிறகு யாரோ சேர்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதையும் சொன்னேன்.

சபை மூப்பர் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னாம்மா இது? ஆண்டவர் உயிரோட வந்து நின்னத உட்டுட்டு, ஓடிப்போனவங்களோட முடிச்சிட்ட. உன் விசுவாசம் இவ்ளோதானா? இனிமே நீ வாசிக்க வாணாம்."

"அதுல ஒருத்தி அப்பறமா பயந்துக்கினே வந்து சொல்லலன்னா, நீங்க இன்னிக்கி இங்க மெழுகுவத்தியோட நிப்பீங்களா?" என்றேன். போதகர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

என் வீட்டுக்காரரைப் புதைத்ததும் அதே தோட்டத்தில்தான். மறுநாள் பூ வைக்கப் போனவள், பயந்துபோய் ஓடிவந்தேன். அன்று எனக்குத் துணை நின்றவர்கள் சுவிசேஷத்தில் ஓடிய அந்தப் பெண்கள்தான். பயந்தவளுக்கு விசுவாசம் இல்லை என்று எந்த மூப்பர் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முறை தராவிட்டால் போகட்டும். அடுத்த ஈஸ்டருக்கு என் வீட்டுக்காரர் கல்லறைப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிப்பேன். அந்த வரி வரைக்கும்தான்.