சம்பந்தி கேட்ட வாழ்த்துப்பா

பிப்ரவரி 3, திங்கள்

கீழ்பென்னாத்தூர்க்காரரின் கருகிய மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றி முடித்தேன். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று மனிதர் கடையை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் நண்பன் கண்ணாயிரம் தன் அச்சகத்திலிருந்து என் மகள் அபிநயாவின் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கொண்டுவந்தான். பெண்ணைப் பெற்றவன் இடத்தில் ‘கவிஞர் மா. வளவன்’ என்று இருக்கிறது. நான் கவிஞன் இல்லை. கடை ஷட்டரில் ‘நின்ற மோட்டார் ஓடும், வாடும் பயிர் ஆடும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் என் இலக்கியப் பணி.

“மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நல்லாசிரியர்னு போட்டிருக்குது. உன் பேரு மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றான்.

எடுத்துவிடுடா என்று சொல்வதற்குள் போளூரிலிருந்து சம்பந்தி அருணகிரியின் போன். மாதிரியை இவன் அவருக்கும் அனுப்பியிருக்கிறான். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். “சொல்லவே இல்லையே சம்பந்தி! வரவேற்புல வாழ்த்துப்பா நீங்கதான் படிக்கணும். மரபுக்கவிதையா இருந்தா ரொம்ப சந்தோஷம்” என்றார்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? யார் எது கேட்டாலும் என் வாயில் அதுதான் முதலில் வருகிறது.

பிப்ரவரி 5, புதன்

யூடியூபில் ஒருவர் கவிதை ஊற்றெடுக்க வேண்டும் என்கிறார். எனக்கு ஊற்று என்றால் ஏழரை குதிரைசக்தி மோட்டார்தான் நினைவுக்கு வருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நூலக மாடியில் புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. நடத்துவது சிவப்பிரியா. கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர், பெரிய கோயில் குருக்கள் வீட்டுப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். என்னைப் பார்த்து ஒரு பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான், நூலக அதிகாரி என்று நினைத்திருப்பான்.

எழுத்து சேர்ந்தால் அசை, அசை சேர்ந்தால் சீர், சீர் சேர்ந்தால் அடி. இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. கம்பி, சுற்று, காயில் போலத்தான். தனியாக ஒலிப்பது நேர், இரண்டு எழுத்து ஒட்டி ஒலிப்பது நிரை. நேர் நேர் வந்தால் தேமா. நிரை நேர் புளிமா. நிரை நிரை கருவிளம். நேர் நிரை கூவிளம்.

வீட்டுக்கு வந்து எல்லோரையும் பிரித்துப் பார்த்தேன். வளவன், புளிமா. மனைவி ரேணுகா, கூவிளம். அபிநயா, கருவிளம். தேமா மட்டும் வீட்டில் யாரும் இல்லை. மோட்டார் தேமா. மாப்பிள்ளை கலையரசன் கருவிளங்காய். இதைச் சாப்பிடும்போது சொன்னேன். ரேணுகா சிரித்தாள். அபிநயா தட்டைப் பார்த்துக்கொண்டே “நல்லா இருக்குதுப்பா” என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், கடையைத் திறந்தும் பயனில்லை. உள்ளே உட்கார்ந்து முதல் கவிதையை முடித்தேன். அபிநயா நிலவு போல இருக்கிறாள், தாமரை போலச் சிரிக்கிறாள், மான் போல நடக்கிறாள். எதுகை எல்லா வரியிலும் விழுந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

ரேணுகாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். “இன்னாங்க இது? பேரை மாத்திட்டு யார் கல்யாணத்துல வேணா படிக்கலாம். இதுல நம்ம பொண்ணு எங்க இருக்கா?”

கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வகுப்பில் அதே கவிதையைப் படித்தேன். ரேணுகா சொன்னதையே சிவப்பிரியா நாசூக்காகச் சொன்னார். “எதுகை மோனை நல்லா வருது சார். அது காதுக்கு. கண்ணுக்கு இன்னும் ஒண்ணுமே வரலை. நிலவை விட்டுடுங்க. அவங்க என்ன செய்யறாங்களோ அதை எழுதுங்க. இன்னொருத்தருக்குப் பொருந்தவே கூடாது.”

உவமை கூட நாம் கண்ணால் பார்த்த பொருளிலிருந்து வந்தால்தான் நிற்குமாம். நான் தாமரையை உற்றுப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? மானை விடுங்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அபிநயாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கத்தரிக்காய் சாப்பிட மாட்டாள் என்று எழுதினேன். “அது ஸ்கூல் படிக்கும்போதுங்க. இப்ப அவளே செய்யறா” என்றாள் ரேணுகா. நீல நிறம் பிடிக்கும் என்று எழுதினேன். அதையும் ரேணுகா சிரித்துக்கொண்டே அடிக்கச் சொன்னாள். பிறகு ஒன்றும் வரவில்லை.

நானும் அபிநயாவும் சண்டை போட்டதே இல்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வண்டிக்குப் பெட்ரோல் இருக்குதா, இருக்குது. இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். பாட்டு எழுதும் அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

இன்று செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி, அபிநயா வேலை பார்க்கும் கஃபேவுக்குப் போனேன். மூன்று வருஷமாக அங்கே இருக்கிறாள். வெளியே இறக்கி விட்டிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். “இன்னாப்பா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?”

“டீ குடிக்க வந்தேன்.”

“இங்க டீ ரேட்டு ஜாஸ்திப்பா” என்றாள் காதோடு.

மூலையில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டாள். நல்லதாகப் போயிற்று. ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே பால் இல்லாத காப்பி அவர் முன்னால் வந்தது. அடுத்த மேசைக்காரர் எதற்கோ கத்தினார். இவள் இங்கிலீஷில், சத்தமே உயராமல், ஏதோ சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துக்குள் குரங்கு வந்தது. விரட்டப் போனவள் இடுப்பில் கை வைத்து, “உனக்கு இப்பத்தானே குடுத்தேன், மறுபடியும் இன்னா?” என்று அதனோடு நியாயம் பேசினாள். உள்ளே இருந்து யாரோ கேலி செய்ய, சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

யார் இந்தப் பெண் என்று இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வகுப்பில் நாலு வரி படித்தேன்.

பாலில்லாக் காப்பி யாருக்கென்று கேளாமலே கொண்டு வைப்பாள்,
கத்துகிறவர் முன்னே சத்தம் கூட்டாமல் நிற்பாள்,
குரங்கை விரட்டப் போய் குரங்கோடு வழக்காடுவாள்,
சிரித்தால் அடுப்படி வரை கேட்கும்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். “இப்ப எனக்கு அவங்களைத் தெரியும் சார்” என்றார் சிவப்பிரியா. பிறகு, “எல்லாமே வேலை செய்யற இடத்துல நடக்குது. வீட்ல எப்படி இருப்பாங்க? அதுவும் ரெண்டு வரி வேணும்” என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வீட்டில் அபிநயாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கஃபேயில் கேட்ட அந்தச் சிரிப்பு வரவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்தே இல்லையோ? அதற்கு முன்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, பார்த்தவன் இல்லை.

சாயங்காலம் கலையரசன் போன் செய்தான். மாடிப்படியில் நின்று பேசினாள். “சரிங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி “சரிங்க.” பிறகும் அதேதான். போனை வைத்துவிட்டுக் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

அந்த ‘சரிங்க’ யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 1, சனி

நாலு வரியையும் அபிநயாவிடம் கொடுத்தேன். படித்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

“வீட்டு வரி ரெண்டு பாக்கி. எழுத வரலை. ஏன்மா?” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “கல்யாணத்துக்கு முன்னாடியே வேலைய விட்டுடணும்னு அவங்க வீட்ல சொல்றாங்கப்பா. கஃபேல புதுசா இன்னொரு இடம் திறக்கறாங்க, என்னைத்தான் மேனேஜரா போடறேன்னாங்க. அவர்கிட்ட சொன்னேன். அவங்கப்பா ஒத்துக்க மாட்டாருன்னுட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“சரிங்கன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலப்பா.”

நான் போய்ப் பேசட்டுமா என்றேன். பேசுங்க என்றாள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். “அப்ப எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா.”

பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது. ரேணுகாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

மார்ச் 3, திங்கள்

போளூர் போய் வந்தேன்.

அருணகிரி நல்ல மனிதர். இட்லி சாப்பிடாமல் பேச விடவில்லை. “வாழ்த்துப்பா வந்துடுச்சா?” என்று அதைத்தான் முதலில் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். “தளை தட்டுதுங்களே. பரவாயில்ல, முதல் வரியையும் மூணாவது வரியையும் நான் சரி பண்ணித் தர்றேன். அதுசரி, காப்பிக்கடை எதுக்குங்க கல்யாணப் பாட்டுல?”

“அவ அங்கதாங்க இருக்கா. விடறதுக்கு அவளுக்கு இஷ்டம் இல்ல.”

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். கோபப்படவில்லை. “எங்க வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்லீங்க. அதுவும் ஓட்டல். முன்னாடியே சொன்னதுதானே, நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க?”

சொன்னேன்தான். பெண் பார்க்க வந்த அன்று ஏதோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். கலையரசன் கதவோரம் நின்றிருந்தான். அவன் பக்கம் திரும்பி, “நீங்க இன்னா தம்பி சொல்றீங்க?” என்றேன். அவன் தன் அப்பாவைப் பார்த்தான். பாவம், அவனும் எங்கள் ஜாதகம்தான்.

“அப்ப இது வேணாங்க” என்றேன். இட்லிக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

மார்ச் 5, புதன்

ரேணுகாவிடம் நேற்றுதான் சொன்னேன். இன்று வாயைத் திறந்தாள், “ஊருக்கு இன்னா பதில் சொல்றது?” என்று அழுதாள். மைத்துனன் மாறன் வந்து, “கவிதை எழுதறேன்னு போய் பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டு வந்திருக்கீங்களே மாமா” என்று கத்தினான். ஒரு விதத்தில் அவன் சொன்ன வரிசை சரிதான்.

பயமாக இருக்கிறது. நாளைக்கு இவளை யாரும் கேட்டு வராமல் போனால்? நான் பார்த்தது சரிதானா? நாலு வரியை நம்பி இப்படிச் செய்யலாமா ஒருத்தன்?

மார்ச் 9, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். எதுவும் படிக்கவில்லை. கல்யாணம் நின்றதைச் சிவப்பிரியாவிடம் மட்டும் சொன்னேன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார். நல்ல பெண்.

மார்ச் 20, வியாழன்

மூன்று மோட்டார். எல்லாம் கருகி வந்தவை.

ஏப்ரல் 7, திங்கள்

இன்றுதான் முகூர்த்தம் வைத்திருந்தது. ரேணுகா விடியற்காலையிலேயே எழுந்து குளித்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

அபிநயா ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினாள். புது இடம் திறக்கிற வாரம். ரேணுகா பின்னாலேயே வாசல் வரை போய், “இன்னிக்கு ஒரு நாள் லீவு போடு. யாராச்சும் பார்த்தா நல்லாவா இருக்கும்? வீட்டோட இரு” என்றாள்.

“முடியாதும்மா.”

செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். கோபமும் இல்லை, சத்தமும் உயரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரேணுகா என் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா?”

“கேட்டேன்” என்றேன்.