ஜாம் போத்தலுக்குள் பதினாறு

ஒக்டோபர் 9, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். பதினாறு.

மூன்று தரம் எண்ணிவிட்டேன் மச்சான். நீ ஜாம் போத்தலுக்குள் போட்டுக் குசினித் தட்டில் வைத்த கரப்பொத்தான் முட்டைப் பை பிளந்துவிட்டது. பயற்றங்காய் விதை அளவுப் பைக்குள் இத்தனை குஞ்சு. எல்லாம் பால் வெள்ளை; மத்தியானத்துக்குள் மண்ணிறமாகிவிடும். மூடியில் உன் எழுத்து: “ஓகஸ்ட் 26. ஆறு கிழமை?” நாற்பத்துநான்கு நாள் பிடித்திருக்கிறது. கேள்விக்குறி தேவையில்லை.

விசாவுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு கிழமை என்று சொல்லி, எட்டு மாதம் என் வெள்ளவத்தை அறையில் இருந்தாய். எனக்குப் பூச்சி மருந்து அடிக்கும் கொம்பனியில் வேலை. புது மருந்தை நம் குசினியிலேயே சோதித்தேன். பைப்பில் தண்ணீர் ஐந்து மணிக்கு வரும். வாளி நிரப்ப எழும்புகிறவன் நீ. “லைட்டைப் போட்டவுடனே எத்தினை ஓடுதெண்டு எழுது. திகதி, நேரம், எண்ணிக்கை, இடம். கதை எழுதாதை” என்றேன். நீ எழும்பாத நாட்களில் நான் எழுதினேன். கொம்பனிப் படிவத்தில் இருப்பதுபோல் ‘கணக்கெடுத்தவர்’ என்று ஒரு கட்டமும் போடட்டோ என்று கேட்டாய். “உனக்கும் எனக்கும் தானே, என்னத்துக்கு?” என்றேன்.

எனக்கு எண்ணிக்கை போதும். உனக்குப் போதவில்லை. ஒருநாள் என்னை உலுப்பி எழுப்பினாய். “மச்சான், வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்திருக்கிறான்.”

“தோல் கழட்டியிருக்குதடா. செட்டை முளைக்க முன்னம் பத்துப் பன்னிரண்டு தரம் கழட்டும். தோல் இறுகுமட்டும் ஒளிச்சிருக்கும். என்னைப் படுக்க விடு.”

“அப்ப என்னைப் போலத்தான். விசா வருமட்டும் வெளியிலை தலை காட்டேலாது.”

பையை வாலில் காவித் திரிந்த ஒன்றை அடுப்புக்குப் பின்னால் கண்டுபிடித்ததும் நீதான். அடுத்த நாள் அது பையைச் சுவரில் எச்சிலால் ஒட்டிவிட்டுப் போய்விட்டது. மருந்து அந்தப் பைக்குள் போகாது, பொரிக்கும் காலம் பார்த்து இன்னொரு தரம் அடிக்கவேண்டும் என்றேன். பையைப் பிளேட்டால் கிளப்பிக்கொண்டே சொன்னாய்: “அப்ப ஒருக்கா வந்திட்டுப் போறது வேலையில்லை. திரும்பி வாறதுதான் வேலை.”

அது சனிக்கிழமை. ஞாயிறு விடிய, நீ வாளியோடு நிற்கும்போது பொலிசார் சோதனைக்கு வந்தார்கள். அடையாள அட்டை சரி. பொலிஸ் பதிவுத் துண்டு சரி. அடுப்படியில் நாம் எண்ணி எழுதின கொப்பி கிடந்தது. 5.05, 11, பின்வாசல். 5.10, 7, பைப்படி. அறுபது பக்கமும் இப்படியே. கரப்பொத்தான் என்று ஓரிடத்திலும் இல்லை. பார்க்கிறவனுக்கு யாரையோ வேவு பார்த்த கணக்கு. கதை எழுதாதே என்றவன் நான்.

“மேக்க காகேத?” இது யாருடையது என்று அவர்களில் பெரியவர் கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக ஓடும். அலுமாரியைத் திறந்து மருந்துப் போத்தலைக் காட்டியிருக்கலாம். உனக்குச் சிங்களத்தில் நாலைந்து சொல்தான் தெரியும். “மகே, மாத்தயா” என்றாய். என்னுடையது, ஐயா.

அதில் பாதிப் பக்கம் என் கையெழுத்து.

கொப்பியோடு உன்னையும் ஏற்றிக்கொண்டு போய் நாற்பத்துமூன்று நாளாகிறது. போய்க் கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்கிறார்கள். உன் அக்கா போன் எடுத்து “ஏதும் தெரிஞ்சுதோ தம்பி?” என்கிறா, கொப்பியைப் பற்றி அவவுக்கு நான் சொல்லவில்லை. படியில் யாராவது ஏறினால் லைட்டை அணைக்கிறேன். போன கிழமை புதுக்கடைக் கோட்டடியில் லோயர் சொன்னார்: “கொப்பி எழுதினவர் வந்து சத்தியக் கடதாசி குடுத்தால், அதை வைச்சு நீதிமன்றத்திலை கேக்கலாம். அவரையும் பிடிக்கலாம் தம்பி, அதையும் சொல்லிப்போடுறன்.” யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலே கத்துகிறவன் நான்.

இப்போது கேத்திலில் தண்ணீர் கொதிக்கிறது. வழக்கப்படி போத்தலுக்குள் ஊற்றவேண்டும். கை போகவில்லை. நீ சொன்ன நாளுக்கு இதுகள் வந்துவிட்டன. நான்தான் இன்னும் வெளியே வரவில்லை.

1. கேத்திலை இறக்குவது. போத்தல் மூடியில் ஊசியால் துளை. உள்ளே ஒரு பாண் துண்டு, நனைத்த பஞ்சு.

2. கொம்பனிக்கு லீவு சொல்வது. கையெழுத்தை ஒப்பிட என் பழைய படிவங்கள் மூன்று எடுப்பது.

3. அக்காவுக்குப் போன். கொப்பிக் கதை முழுவதும். திட்டினால் கேட்பது.

4. வீட்டுக்கார அன்ரியிடம் அறைத் திறப்பைக் கொடுப்பது. பின்னேரம் ஆறு மணிக்குள் நான் வராவிட்டால் லோயருக்கு அறிவிக்கச் சொல்வது.

5. புதுக்கடை. சத்தியக் கடதாசி. “மகே” என்று இந்தமுறை நான் சொல்வது.

6. போக முன்னம், புதுக் கொப்பியில் முதல் வரி: ஒக்டோபர் 9, 5.10, 16, ஜாம் போத்தல், கரப்பொத்தான் குஞ்சு. ‘கணக்கெடுத்தவர்’ கட்டம் கீறி, என் முழுப் பெயர். அடுத்த வரியில் அந்தக் கட்டத்தை உனக்கு விடுவது.