திங்கள்கிழமை வரும் கறைகள்

மார்ச் 2, சனி

மானம் போனது. டோக்கன் எண் 318.

மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போவதற்கு நல்ல கோட்டு வேண்டுமே என்று, எட்டு மாதமாக வாங்க வராத ஒரு வங்கி மேலாளரின் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். சலவைக் கடை வைத்திருப்பவனுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாதா? சுற்றிக் காட்ட வந்த மாணவி கை குலுக்கும்போது என் மணிக்கட்டைப் பார்த்தாள். "முன்னூத்திப் பதினெட்டு... இது என்ன சார், உங்க சீட்டு நம்பரா?" ரோஸ் நிறத் துண்டுச்சீட்டு. நானே குத்தியது. மகள் அதைப் பிய்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது மணி நேரம் ரயிலில் போய்ப் பார்த்த கல்லூரி. அந்த மாணவி நூலகத்தை நடந்துகொண்டே கைகாட்டினாள். வெள்ளிக்கிழமை மொட்டைமாடி ஆட்டம், சனிக்கிழமை விடுதி பார்ட்டி, இதையெல்லாம் மட்டும் நின்று நிதானமாகச் சொன்னாள். "பார்ட்டின்னா எங்க காலேஜ்தான் சார், வேற எங்கயும் இப்படிக் கிடையாது." என்னிடமே சொல்கிறாள்!

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற என் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "புதுசா வர்றவங்களையும் கூப்பிடுவாங்களா?"

"இங்க யாரும் யாரையும் கூப்பிடறதில்ல. கதவு தெறந்தே இருக்கும், வரவேண்டியதுதான்."

அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நூலக நேரத்தை எழுதவில்லை. ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே தூங்குகிறாள், நோட்டை மடியில் வைத்தபடி.

மார்ச் 4, திங்கள்

நான் எந்தப் பார்ட்டிக்கும் போனதில்லை. பார்ட்டிதான் என்னிடம் வரும், திங்கள்கிழமை காலை, பிளாஸ்டிக் பையில். கேக் கிரீம், மருதாணி மாதிரி சிவந்த சாஸ், சிகரெட் பொத்தல், அக்குளில் கிழிசல். ஒரு மஞ்சள் சட்டை முழுக்க வாந்தி. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் முகர்ந்து பிழைக்கிறேன். டாக்டர்களுக்கு உலகமே நோயாளி என்பார்கள். எனக்கு உலகமே திங்கள்கிழமை.

இங்கேயே, பேருந்தில் இருபது நிமிடத்தில், நல்ல கல்லூரி ஒன்று இருக்கிறது. அமைதியான இடம். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. படிக்கப் போவது நானில்லை என்பதுதான் சிக்கல்.

மார்ச் 5, செவ்வாய்

மனைவியிடம் புலம்பினேன். "உங்க பொண்ணுதானே, நீங்களே பேசுங்க" என்றாள். மதிப்பெண் வரும்போது மட்டும் அவளுடைய பெண்.

மார்ச் 10, ஞாயிறு

பேசினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து இஸ்திரி மேசையில் ஒத்திகை பார்த்தது. ஒத்திகையில் நான் நன்றாகத்தான் பேசினேன்.

"படிக்கப் போறியா, ஆடப் போறியா?"

"ரெண்டுக்கும்தான்பா."

அதற்கு மேல் ஒத்திகை இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இங்க இருக்கற ஃப்ரெண்ட்ஸ் போதாதா? அங்க போய்த்தான் கூத்தடிக்கணுமா?"

என்னையே பார்த்தாள். கோபமில்லை. நம்மிடம் வருகிற வாடிக்கையாளர்களிடம் "இது போகாதுங்க" என்று சொல்லும்போது நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. உள்ளே போய்விட்டாள்.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்?

மார்ச் 11, திங்கள்

காலையில் ஒரே வீட்டுப் பார்ட்டியின் துணிகள், ஒன்பது கவுன். எல்லாம் மகளின் வகுப்புப் பெண்களுடையவை. சனிக்கிழமை யாருக்கோ பிறந்தநாளாம். சனிக்கிழமை என் மகள் கடையில் என்னோடு டோக்கன் குத்திக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டரம்மா தன் பெண்ணின் கவுனை நீட்டினார். சும்மா இல்லாமல் கேட்டேன். "எங்க பொண்ணை யாரும் கூப்பிடலியேம்மா?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "பிள்ளைங்க பயப்படுதுங்க. இவ வந்தா நடந்ததெல்லாம் பெரியவங்களுக்குப் போயிடுமாம். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டு விஷயம் வெளிய வந்துச்சே, அது இவ சொல்லித்தான்னு எல்லாருக்கும் நினைப்பு. யார் சொன்னதுன்னு நான் எங்க வீட்ல சொல்லல. உங்க பேரு எதுக்கு கெடணும்னுதான்."

என் பேரு.

ஞாபகம் வந்தது. நீலக் கவுன். திராட்சைச் சாறு கொட்டிவிட்டதாகத் தன் பெண் சொன்னாள் என்று டாக்டரம்மா கொடுத்தார். நான் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி, "சாறுன்னா பிசுபிசுக்கும்மா. இது பிசுபிசுக்கல. இது ஒயின்" என்றேன். கறை தெரிந்தால்தானே மருந்து போட முடியும்? அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பூசை. கூட இருந்த நாலு பெண்களும் மாட்டினார்கள்.

அன்று இரவு சாப்பாட்டில் அதை வேடிக்கையாக வேறு சொன்னேன். "உங்கப்பன் மூக்கு போலீஸ் நாய் மூக்கு!" மனைவி சிரித்தாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றே தெரியும்.

ரெண்டு வருஷம். "நான் இல்ல, எங்கப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லலியே. என்கிட்டயும் சொல்லலியே. நான் என்னடான்னா நேத்து, ஃப்ரெண்ட்ஸ் போதாதான்னு...

மார்ச் 12, செவ்வாய்

ஒரு பட்டுச் சட்டையைக் கருக்கிவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாவது.

மார்ச் 15, வெள்ளி

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அந்தத் தூரத்துக் கல்லூரியின் படிவத்தை முன்னால் வைத்தாள். பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கட்டம். மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று வாயைத் திறந்தேன். "பேனா எழுதலியே" என்றேன். வேறு பேனா கொடுத்தாள்.

"கையெழுத்து மறந்துபோச்சுன்னா கைநாட்டு வைங்க, ஒத்துக்குவாங்க" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் பயம் போகவில்லை. அவள் பேரைக் கெடுத்தவன் நான் என்பதற்காக, வாந்தியோடு வந்த அந்த மஞ்சள் சட்டை பொய்யாகிவிடுமா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டோம். பதினொரு உடுப்பையும் நானே இஸ்திரி போட்டேன். பெட்டியில் கறை நீக்கும் மருந்து ஒரு சின்னப் புட்டி வைத்து, "ஒற்றி எடு, தேய்க்காதே" என்று எழுதி ஒட்டினேன். அப்பா சொல்லும் புத்திமதி அவ்வளவுதான் தேறியது.

செப்டம்பர் 21, சனி

போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல். "அப்பா, சாப்பிட்டியா?" என்பதற்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார்கள். "கூப்பிடறாங்கப்பா" என்று வைத்துவிட்டாள். சாப்பிட்டேன் என்று வெறும் போனிடம் சொன்னேன்.

டிசம்பர் 23, திங்கள்

விடுமுறைக்கு வந்திருக்கிறாள். காலையில் அம்மாவும் பெண்ணுமாகக் கடைக்கு வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் பை. வெள்ளைக் கவுன்.

விரித்தேன். இடது தோளில் உதட்டுச்சாயம். இவளுடைய நிறமில்லை, இவளைவிடக் குள்ளமான பெண் யாரோ இறுகக் கட்டிப் பிடித்திருக்கிறாள். கீழே, ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று. அதைத் தேய்க்காமல் ஒற்றியே எடுக்கப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க கறை இது?" என்றாள் மனைவி.

கட்டைவிரலால் தடவினேன். மகள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு குடித்தாள், யார் ஊற்றிக்கொடுத்தார்கள், பத்திரமாக அறைக்குத் திரும்பினாளா? அந்த விரல் நுனியில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒன்றுதான் தெரிந்தது.

"போயிடும்" என்றேன்.

"போயிடும் சரி, என்ன கறைன்னு கேட்டேன்."

"புதன்கிழமை ரெடி" என்று டோக்கன் கிழித்தேன். கறையின் பெயர் எழுதுகிற கட்டத்தை வெறுமையாக விட்டேன். மகள் சீட்டை வாங்கி, அந்தக் கட்டத்தைப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிசுபிசுக்கவில்லை.