அத்தான் தூங்குவதற்கு ஒரு வெள்ளைக்காரன் ஜன்னல்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் சத்தம் எப்படி என்று தெரியவில்லை. அமைதியான இடம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாரும் இல்லை. எதற்கும் தெருவைப் பார்த்த அறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு உங்களுக்குத் தலைத்திவசம். படைத்து, சாப்பிட்டு, இலை எடுத்தாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "மாமா, அந்த ஜன்னல் கதையச் சொல்லுங்க" என்று பிடுங்குகிறார்கள். வாயால் சொன்னால் நடுவில் சிரிப்பார்கள். அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன், அவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும். குற்றாலநாதர் சாட்சியாக ஒரு சத்தியம் செய்கிறேன்: இனி நான் எழுதப்போவதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பும்படி ஒரு வரி வந்துவிட்டால் அது கைதவறி வந்தது என்று மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் சாரல் சீசனில் ஒரு காலை. நான் குற்றாலத்தில் எண்ணெயும் துண்டும் விற்றுக்கொண்டிருந்தேன். நீங்கள் ராத்திரியெல்லாம் லாரி ஓட்டி, கொல்லத்தில் காய்கறியை இறக்கிவிட்டு, திரும்பி வந்து அருவியில் குளிக்கிற வழக்கப்படி என் கடைக்கு வந்தீர்கள். தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டே, விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"மாப்ள, நேத்து புளியரைக்கு மேல மலப்பாதையில கண்ணு சொக்கிட்டு. இசக்கி தொடையில கிள்ளலைன்னா வண்டி பள்ளத்துல கெடக்கும். அக்காட்ட சொல்லிராத."

இசக்கி உங்கள் கிளீனர். உங்களைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் உங்களைத்தான் அண்ணாச்சி என்பார். அவரும் பக்கத்தில் நின்று, "கிள்ளிக் கிள்ளி என் நகம் தேஞ்சு போச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காத காலைகள் என் ஆயுளில் மிகக் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும்.

பகலில் தூங்க வேண்டிய மனிதருக்குத் தென்காசியில் வாய்த்த வீடு அப்படி. படுக்கிற அறை தெருவைப் பார்த்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மைக்செட் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான் போகும். போவதற்கு முன்னால் பகல் முழுக்கக் கடையில் வைத்துச் சோதனை. அவர் இங்கே 'அலோ' என்றால் வீரகேரளம்புதூரில் மாடுகள் திரும்பிப் பார்க்கும். ராயகிரியில் ஒரு மரியாதைக்காரர் பதிலுக்கு 'அலோ' சொன்னதாகவும் கேள்வி.

நான் தூது போனேன். "அண்ணாச்சி, கொஞ்சம் கொறச்சு வையுங்க. அத்தான் தூங்குதாவ."

"கொறச்சு வச்சா அது என்னவே டெஸ்ட்டு? தூரத்துல கேக்குதான்னு பாக்கத்தான குழாயே இருக்கு. உம்ம அத்தான வேணும்னா வடகரைல போயித் தூங்கச் சொல்லும்."

"வடகரையிலயும் கேக்குது அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? தெளிவா கேக்குதா?"

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை, சத்தத்தை அவர் பக்கம் நிறுத்த முடியாது, நம் பக்கம்தான் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் அறையின் ஜன்னல்களைப் போய்ப் பார்த்தேன். இரண்டு ஜன்னல், இரண்டிலும் பலகைக் கதவு. சாரலில் உப்பி, வெயிலில் சுருங்கி, கதவைவிட இடுக்கு அதிகமாகிவிட்டிருந்தது. சாத்திய ஜன்னல் வழியாகப் பூனை உள்ளே வந்து, குட்டிகளோடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் குற்றாலத்தில் அருவிக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரன் பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு மனைவி. அவளுக்கு அருவி வேண்டும், அருவிச் சத்தம் ஆகாது. அதற்காகச் சீமையிலிருந்து கப்பலில் வந்த ஜன்னல்கள் அவை. கனத்த தேக்குச் சட்டம், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு இன்னொரு கண்ணாடி. நான் உள்ளே நின்று சாத்திப் பார்த்தேன். எதிரே பேரருவி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. அருவிக்கே தொண்டை கட்டிவிட்டதோ என்று பயந்து, ஓடிப்போய்த் திறந்து பார்த்துத் திருப்திப்பட்டேன்.

அந்த இரண்டையும் நம் லாரியிலேயே ஏற்றி வந்தோம். செங்கோட்டை ஆசாரி ஒருவர் பழைய ஜன்னல்களைப் பெயர்த்து இவற்றை நிறுத்தினார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கொல்லத்துத் தேங்காய்நாரைத் திணித்து, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். கதவு மூடும் விளிம்பெல்லாம் கம்பளி ஒட்டினோம். சத்தம் எறும்பு ஜாதி, ஊசி போகிற இடம் கிடைத்தால் குடும்பத்தோடு வந்துவிடும் என்று நான் ஆசாரிக்கு உபதேசம் செய்தேன். அறைக் கதவையும் விடவில்லை. உள்பக்கம் கயிற்றுப்பாய் அடித்து, கதவு இறுக்கமாக நிற்க ஒரு பெரிய இரும்புத் தாழ்ப்பாள் போட்டேன்.

கோமதி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏலே, காத்து எங்கன இருந்து வரும்?"

"காத்து வேணுமா, தூக்கம் வேணுமா, ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் வேணும்."

"அப்ப அத்தான் அந்த வெள்ளைக்காரியக் கெட்டியிருக்கணும்."

"அவ உன்னய மாதிரி ஒரு தம்பியோட வந்திருக்க மாட்டா. அதுக்காகவே கெட்டியிருக்கலாம்" என்றாள். அப்புறம் நான் கூரை ஓட்டில் இரண்டைத் தள்ளி வைத்துக் காற்றுக்கு வழி செய்தேன். சத்தம் மேலே ஏறி உள்ளே குதிக்காது என்பது என் சித்தாந்தம்.

முதல் நாள் நீங்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டீர்கள். அதோடு சரி.

சாயங்காலம் லோடு ஏற்றிய லாரியோடு இசக்கி வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல ஹாரன் அடித்தார். அந்த ஹாரன்தான் உங்களை எழுப்புகிற மணி என்பதை, இவ்வளவு யோசித்த நான் யோசிக்கவில்லை. அடித்தார், அடித்தார், ரப்பர் பந்து பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அக்கா கதவைத் தட்டினாள். நான் தட்டினேன். கயிற்றுப்பாய் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றால் உள்ளே இருட்டு. உங்கள் பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

ஆவுடையப்பன் அண்ணாச்சி தெருவைக் கடந்து வந்தார். "நான் ஒரு அலோ சொல்லிப் பாக்கட்டா?"

நான்கு குழாயையும் ஜன்னலுக்கு நேராகத் திருப்பிச் சொன்னார். கோபுரத்துப் புறாக்கள் கிளம்பி மலையாளம் போய்விட்டன. ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஈரத்தோடு தென்காசிக்கு நடந்தார்கள். வெள்ளைக்காரன் கண்ணாடி இலேசாகச் சிலிர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"என் சத்தம் உள்ள போகவே இல்லியாவே?" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு இசக்கிக்கு வேறு அர்த்தம் தோன்றிவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தார். "எங்க அண்ணாச்சி போயிட்டாவளே. மலையில கிள்ளுனேனே, கிள்ளுன எடம் ஆறுமுன்ன போயிட்டாவளே." இவ்வளவுதான் தேவை. தெரு கூடிவிட்டது. யார் போய்ச் சொன்னார்களோ, சங்கும் சேகண்டியும் வந்துவிட்டன. ஒரு பெரியவர் பந்தலுக்கு எத்தனை கீற்று வேண்டும் என்று வாசலை அளந்துகொண்டிருந்தார். அக்கா மட்டும் கதவில் நெற்றியை வைத்து நின்றாள்.

சங்கு முழங்கியது. கதவு திறந்தது.

வேட்டியை இறுக்கிக்கொண்டு, கன்னத்தில் பாய்க்கோடு பதிய, பிறந்த குழந்தை மாதிரித் தெளிவான முகத்தோடு நின்றீர்கள். கூட்டத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "எந்த வீட்டுல மாப்ள? யாரு தவறுனது?" என்றீர்கள்.

இசக்கி முந்திக்கொண்டு, "நீங்கதான் அண்ணாச்சி" என்றார்.

"எப்ப?"

"இப்பத்தான்."

"சரி, லோடு ஏத்தியாச்சா?"

சங்குக்காரர் வந்ததற்கு அக்கா காப்பி போட்டுக் கொடுத்தாள். மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றிக் கிணற்றில் போட்டாள். ஜன்னல்களை மட்டும் தொடவில்லை. அதற்குப் பிறகு புளியரைக்கு மேலே உங்களுக்குக் கண் சொக்கவே இல்லை. கிள்ளுகிற வேலை போனதில் இசக்கிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன வருஷம் நிஜமாகவே சங்கு ஊதியபோது, நானும் இசக்கியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாழ்ப்பாள் இல்லாத கதவு அத்தான். திறப்பதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள்?

ஊர் நிலவரம் சொல்கிறேன். டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. முன்பெல்லாம் சத்தம் ஒரு இடத்தில் நின்று கத்தும். இப்போது சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. ஆவுடையப்பன் அண்ணாச்சி உங்கள் காரியம் முடிகிற வரைக்கும் குழாயைத் திறக்கவில்லை. அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. உங்களுக்குத்தான் உபயோகப்படாமல் போயிற்று.

பிள்ளைகள் இதுவரை படித்துவிட்டு, அத்தனையும் புளுகு என்கிறார்கள். இருக்கட்டும். வெள்ளைக்காரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. புறாக்களும் கோபுரத்தில்தான் இருக்கின்றன. சங்குக்காரர் அந்த வழியாகப் போகிறவர்தான், ஊதவில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அதை நான் இதுவரை எழுதவே இல்லை.

"உன் அக்கா பகல்ல வைக்கிற கொழம்புல கடுகு போட மறந்திருதா மாப்ள" என்று என்னிடம் எத்தனை தடவை அலுத்திருக்கிறீர்கள். அது மறதி இல்லை அத்தான். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நீங்கள் புரண்டு படுப்பீர்கள் என்று அவள் பகலில் தாளிப்பதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இவ்வளவு பாடுபட்டு ஜன்னல் மாற்றிய பிறகு, இனிமேல் தாளித்தால் என்ன என்று கேட்டேன். "ஜன்னலு தெருச் சத்தத்துக்குத்தானலே, என் அடுப்படிக்கா?" என்றாள். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா தூங்காம கெடந்து, தாளின்னு சொல்லுவாவ" என்றாள்.

இன்று காலை உங்களுக்குப் படைக்கக் குழம்பு வைத்தாள். எண்ணெய் காய்ந்து புகைகிற வரைக்கும் கடுகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "போடுக்கா" என்றேன். போட்டாள். படபடவென்று வெடித்தது. உங்கள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டை வைத்து மூடினாள்.

இனி வருஷா வருஷம் உங்கள் இலைக்குத் தாளித்த குழம்புதான் வரும். அக்கா தயங்கினால் பக்கத்தில் நின்று போடச் சொல்வதற்கு நான் இருக்கிறேன். சத்தத்துக்கு முழிப்பு வந்துவிட்டால் கோபித்துக்கொள்ளாமல், எழுந்து வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

இப்படிக்கு,
கோமதிக்குத் தம்பியாகப் பிறந்ததால் உங்களுக்கு மாப்பிள்ளையான மச்சினன்