வாசிக்காமல் விட்ட ஸ்தோத்திரங்கள்

என் ஜெனி அப்பாவுக்கு,

முப்பத்து நாலு வருஷம் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனிமேலா கூப்பிடப் போகிறேன். நீங்கள் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். நான்தான் இங்கே கோபமாக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் சிரிக்காதீர்கள்.

உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்து நான் கால்கூடக் கழுவவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் ஆறுதல் வருமாம். படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் போனதற்கு நன்றி சொல்லு எஸ்தர் என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் புருஷன் வாசலில் பைக்கை வைத்துக்கொண்டு அவளுக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். புருஷன் காத்துக்கொண்டிருப்பவள் புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் நன்றி சொல்லச் சொல்கிறாள். இதில் என்ன நியாயம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அதோடு விட்டார்களா? நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு கன்வென்ஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பிரசங்கியார், வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். நன்றி சொல்கிறவன் வீட்டு வாசலில் கார் நிற்கும், முறுமுறுக்கிறவன் வீட்டில் வியாதி நிற்கும் என்றார். விடிந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறபோதே ஸ்தோத்திரம் சொல்லுகிற மனுஷன் நீங்கள். அந்தச் செடிகளுக்குப் பக்கத்திலேயே விழுந்து போனீர்கள். உங்கள் வாசலில் நின்றது ஒரு பழைய சைக்கிள். நான் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி அந்த வார்த்தை என் வாயில் வராது என்று. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன், ஆனால் பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். ஜெபிக்காமல் சாப்பிட்டேன். ஆண்டவரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்களுக்கானால் அந்த வார்த்தை எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிற கடை, கையெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரின் மேல், எதற்காக ஸ்தோத்திரம் என்று எழுதிக் கொடுத்தால் கோயில் சேகரச் செயலர் சபை முன்னால் வாசிப்பார் இல்லையா? ஊரெல்லாம் மகனுக்கு வேலை கிடைத்ததற்கு, மகள் பிரசவத்துக்கு, புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு என்று எழுதும். நீங்கள் என்ன எழுதுவீர்கள்? 'மேலப்பாளையம் பாய் வீட்டு மிக்ஸி மூன்றாம் தடவையில் ஓடியதற்காக.' 'திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்காக.' ஒரு வாரம், 'எஸ்தர் வைத்த சாளை மீன் குழம்புக்காக.' அதையும் அந்த மனுஷர் கணீரென்று வாசித்தார். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

அதற்கப்புறம் உங்கள் கவர் எதுவும் முழுசாக வாசிக்கப்படவில்லை. நீங்கள் என்ன எழுதினாலும் 'பல நன்மைகளுக்காக' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் செயலர். நீங்கள் கவலைப்பட்டதே இல்லை. "கேக்க வேண்டியவருக்குக் கேட்டுட்டு, விடு" என்பீர்கள். மறு வாரமும் உட்கார்ந்து பொடி எழுத்தில் எழுதுவீர்கள்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நாலு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது, ஆற்றங்கரை ஊரில் இருக்கிற நாங்கள் குடத்தோடு தெருவில் நிற்கிறோம். பக்கத்து வீட்டு ரஹ்மத்தும் நானும் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டோம். எங்கேயோ குழாய் உடைப்பு, நாளைக்கு வந்துவிடும் என்று நாலு நாளும் அதே பதிலைச் சொன்னார்கள். நீங்கள் இருந்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உடைப்பைத் தேடியே போயிருப்பீர்கள்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரஹ்மத் கூப்பிட்டாள். "எக்கா, தண்ணி வந்துட்டு." ஓடினேன். குழாய் முதலில் காற்றாய்ச் சீறியது, கலங்கலாகக் கொஞ்சம் கக்கியது, அப்புறம் தெளிந்து விழுந்தது. கையில் ஏந்திக் குடித்தேன். நம் ஆற்றுத் தண்ணீரின் ருசிதான் உங்களுக்குத் தெரியுமே. அந்தப் பக்கம் ரஹ்மத் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இந்தப் பக்கம் என் வாய் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். போதகர் வீட்டு ஐயரம்மா வந்து கெஞ்சியும் சொல்லாத வார்த்தை, பெற்ற மகள் போனில் அழுது கேட்டும் சொல்லாத வார்த்தை, கேவலம் குழாய்த் தண்ணீருக்கா வர வேண்டும்? குடம் நிரம்பி வழிகிறது, நான் படியில் உட்கார்ந்து அழுகிறேன், அழுகிறபோதே சிரிப்பு வருகிறது. சந்தோஷமாக இருந்தது, ஜெனி அப்பா. உங்களைப் பறிகொடுத்த பிறகு எனக்குச் சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவேயில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு வந்தது.

அந்த ஞாயிறு நானும் ஒரு கவர் எழுதினேன். 'நாலு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்ததற்காக.' செயலர் வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைச் சரி பண்ணினார், 'திருமதி எஸ்தர், பல நன்மைகளுக்காக' என்று வாசித்துவிட்டு அடுத்த கவரை எடுத்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அவரை மறித்தேன். எழுதினதை எழுதினபடி வாசிக்க உங்களுக்கு என்ன வலிக்குது, என் தண்ணீர் உங்களுக்கு நன்மையாகத் தெரியவில்லையா, அவர் உயிரோடு இருந்தபோது அவருக்கும் இதைத்தானே செய்தீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

அவர் என்னைப் பைய ஓரமாகக் கூட்டிப்போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "எக்கா, அண்ணன் எழுதுறத வாசிக்காதிய, பொம்பளைய எல்லாம் சிரிக்காங்கன்னு எங்கிட்ட வந்து சொன்னது நீங்கதான. அந்தப் பழக்கத்துல வாசிச்சிட்டேன்."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

சாளைக் குழம்புக்கு மறுநாள் சொன்னேன். மாதர் சங்கத்தில் ஒருத்தி இந்த வாரம் என்ன குழம்பு என்று கேட்டாள், மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனதுபோல இருந்தது. உங்களிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவீர்கள் என்று செயலரைத் தேடிப்போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் மறந்தும் போனேன். நீங்கள் செத்த பிறகு யார் யார் மேலெல்லாமோ கோபப்பட்டேனே, உங்கள் வாயை அடைத்தவள் உங்கள் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள். உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் விடு என்றீர்களா?

நினைவு ஞாயிறுக்கு ஜெனி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். கவருக்கு வழக்கமான நினைவு வாசகத்தை அவளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது வேண்டாம் என்றேன். ஒரு முழுத்தாளை எடுத்து, நீங்கள் எழுதியதில் எனக்கு நினைவிருந்ததையெல்லாம் எழுதினேன். மறந்ததை ஜெனி எடுத்துக்கொடுத்தாள். போதகர் ஐயரிடம் கொண்டுபோனால், ஆராதனை நேரம் நீண்டுவிடுமே என்று தயங்கினார். சேகரத் தேர்தல் அறிவிப்பை அரைமணி நேரம் வாசிக்கிற கோயிலில் இதற்கு நேரமில்லையாம். "அய்யரே, பத்து வருசமா வாசிக்காம விட்டது. ஒருக்கா வாசிச்சா கொறஞ்சா போவும்?" என்று கேட்டேன். அவர் தாளை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுச் செயலர் கையில் கொடுத்தார்.

செயலர் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். மிக்ஸி வந்ததும் சிரிப்பு கிளம்பியது. ஜன்னலோர இடம், ஜெனியின் சைக்கிள் செயின், மழை வருமுன் காய்ந்த துணி என்று போகப் போக ஆண்கள் பக்கமும் சிரித்தது. சாளைக் குழம்பில் அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று "வாசிங்க" என்றேன். வாசித்தார். சபை முழுக்கச் சிரித்தது, நானும் சத்தமாகச் சிரித்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது ஐயர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார், அவரை இளைப்பாறுதலுக்குள் அழைத்துக்கொண்டதற்காக என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்று. அதற்கான பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். இனி நான் இருக்கும் வரைக்கும் உங்களைப்போலவே எழுதுவேன், எழுதினதை எழுதினபடி வாசிக்க வைப்பேன், இது சத்தியம். ஆனால் உங்களை எடுத்துக்கொண்டதற்கு மட்டும் நான் ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேன். இதை ஆண்டவரிடமே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருவேளை கோபித்தால் பக்கத்தில் இருந்து நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அவள் அப்படித்தான் என்று.

முப்பத்து நாலு வருஷம் உங்களோடு சண்டை போட்டும் தீராத,
உங்கள் ஜெனி அம்மா