அப்பாவின் ஊர்

நமுனுகுல, இலங்கை,
1912 ஆவணி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அப்பாவைப் பற்றித் துப்புத் துலக்க என்னால்தான் முடியும் என்று அன்றே சொன்னேன். அப்படியே நடந்தது. பதுளைக்கு ஏழு தடவை நடந்ததில் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. மரணப் பதிவு கிளாக்கர், "என்ன அண்ணே, செத்தவங்கள எழுப்ப மறுபடி வந்துட்டீங்களா?" என்பார். "எழுப்பாம போகமாட்டேன்" என்பேன். கடைசியில் உன் அப்பாவின் பெயர் அகப்பட்டது: வயது முப்பது, வாந்திபேதி.

பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் முடி இறக்க, குடும்பத்தோடு துறையூருக்குப் புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல் ஏறாதே, அய்யா. உன் அப்பா தன் ஊரை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை; பதிவிலும் ஊர்ப் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. வெறுங்கையோடு உன் முன்னால் நிற்க வெட்கப்பட்டு, துறையூர் என்று நானாகத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்