தேறியவர்கள் வர வேண்டாம்

ஜனவரி 6
தேதியை நானே போட்டேன். பொன்னுராஜ், வயது 71, மம்சாபுரம். முப்பத்தாறு வருஷம் ராஜபாளையம் மில்லில் கைநாட்டு. இப்போது இந்த வரி. மூன்று தடவை படித்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 9
என் வீட்டுக்காரி ரத்தினம் செத்து நாலு வருஷம். வீட்டில் பேச ஆளில்லை. மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு. என் பேச்சு முழுக்க அங்கேதான். தினம் ஆளுக்கொரு சொல் கொண்டுபோகணும். பானுப்பிரியா டீச்சர் பலகையில் எழுதுவார். இன்று ஏசம்மாள் கொண்டுவந்தது "மருமகள்".
"படமும் போடவா டீச்சர்?" என்று வேறு கேட்டாள்.
சிரித்துச் சிரித்து எனக்கு இருமல்.

ஜனவரி 28
மார்ச்சில் தேர்வாம். இருபது பேரும் தேறணும் என்று மேலே இருந்து உத்தரவாம். இனிச் சொல் கொண்டுவர வேண்டாம். டீச்சர் மாதிரித் தாளை நிரப்பிப் பலகையில் எழுதுகிறார். அப்படியே பார்த்து எழுதுகிறோம். பெயர்: மாரியாத்தாள். ஊர்: வன்னியம்பட்டி. அப்படி ஒருத்தி எங்களில் கிடையாது.

பிப்ரவரி 11
அதே தாள்.

பிப்ரவரி 12
அதே தாள். யாரும் பேசவில்லை.

மார்ச் 2
தேறியவர்களுக்கு வகுப்பு கிடையாதாம். தேறாதவர்களுக்கு மட்டும் இன்னும் மூன்று மாசம். வெறும் தாளைக் கொடுத்துட்டு வந்தா என்ன? யாருக்கு நட்டம்?

மார்ச் 15
எழுதக் கூடாதென்றுதான் போனேன். "உங்கள் பெயரை எழுதுக" என்று அச்சடித்திருந்தது. என்னிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. கை நிற்கவில்லை. கடைசிக் கேள்வி வரை எழுதினேன். எம்புட்டுச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பொறவுதான் — என்ன காரியம் செஞ்சுட்டேன்.

ஏப்ரல் 20
ஸ்ரீவில்லிபுத்தூரில் சான்றிதழ் கொடுத்தார்கள். பதினேழு பேர் தேறினோம். ஏசம்மாளும் இன்னும் இரண்டு பேரும் இல்லை. பழக்கத்தில் மூவரும் மாரியாத்தாள் என்றே பெயர் எழுதியிருக்கிறார்கள்.
"சர்ச்சுல தெரிஞ்சா என்னையச் சேக்க மாட்டாகண்ணே" என்றாள் ஏசம்மாள்.
நானும் வகுப்புக்கு வரட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன்.
"நீங்கதான் தேறிட்டீங்களே தாத்தா. உங்க பேரை எடுத்துட்டாங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏப்ரல் 24
ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில் நின்றேன். உள்ளே மூன்று பேருக்கு வகுப்பு. ஏழரைக்கு ஏசம்மாள் வெளியே வந்தாள்.
"எங்கண்ணே போறீரு?"
"பஸ்ஸுக்கு நிக்கேன்."
எனக்கு வீடு அடுத்த தெரு. அது அவளுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனாள்.
பஸ் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர். எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன். ஏறவில்லை.